வண்டியின் எண்

அன்புள்ள தம்பிக்கு,

பாட்டிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. அப்பாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. மற்ற செய்திகளை எழுத மனம் ஓடவில்லை.

தூணில் இடித்ததால் கார் பட்டறையில் நிற்கிறது என்று போன வாரம் சொன்னாய். அத்தை மகன் அனுப்பிய படத்தில் அந்தக் காரைப் பார்த்தேன். அதைப் பற்றி உன்னிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் உன் அம்மா அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். சில அடையாளங்களை என் கண் தானாகவே படித்துவிடுகிறது. நடந்து போகிறவர் மீது கார் மோதும்போது பம்பர் முதலில் அவருடைய காலில் அடிக்கிறது, உடல் பானட்டின் மேல் சாய்கிறது, அதன் பிறகு தலை முன்கண்ணாடியில் மோதி, அந்த இடத்தில் கண்ணாடி சிலந்தி வலையைப் போல விரிசல் விடுகிறது. தூணில் இடித்த வண்டியில் அப்படி ஒரு விரிசலை நான் பார்த்ததில்லை.

முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் சதை குறைவு என்பதால், முறிந்த எலும்பு பல நேரம் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சாலை மண் உள்ளே போய்ச் சீழ் பிடித்துவிட்டால், காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் பூட்டி மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். தலையில் அடிபட்ட சிலர் முதலில் தெளிவாகப் பேசுவார்கள், தண்ணீர் கேட்பார்கள்; மண்டையோட்டுக்குள் கசியும் ரத்தம் மூளையை அழுத்தத் தொடங்கிய பிறகு, சில மணி நேரத்தில் நினைவு தப்பிவிடும். ‘அவர் எழுந்து உட்கார்ந்தார், அதனால் வந்துவிட்டேன்’ என்று சொன்ன ஓட்டுநர்களின் ஆறுதலை நான் ஒருநாளும் ஏற்றுக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவன் நீ. அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது அப்பாவின் முகத்தில் இருந்த பெருமிதம் எனக்கும் இருந்தது. ஆனால் அதை ஓட்டிக்கொண்டே என்னிடம் பேசுவாய். ஹாரன் சத்தம் கேட்டு, பிறகு பேசலாம் என்று நான் சொன்னால் சிரித்துவிட்டுத் தொடர்வாய். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கைபேசியைப் பார்த்தால், வண்டி 33 மீட்டர் தூரம் பார்வையில்லாமல் ஓடியிருக்கும். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளாவது எழுதுகிறது; காயமடைந்தவர்களை, வேலையை விட்டுவிட்டு வந்த மனைவியோ மகளோ தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டுகிறாள். ஓட்டும்போது பேசாதே, தம்பி. நான் கூப்பிட்டாலும் எடுக்காதே.

நம் மாநிலத்தில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகு அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்று யோசித்துப் பார். மோதிய வண்டி எதுவென்று தெரியாவிட்டால், கொடுங்காயம் பட்டவருக்குச் சட்டம் தருவது 50,000 ரூபாய்தான். வண்டியின் எண் தெரிந்தால், தீர்ப்பாயத்தில் மனுச் செய்து, சிகிச்சைச் செலவையும் இழந்த கூலியையும் இனிமேல் சம்பாதிக்க முடியாமல் போகிற வருமானத்தையும் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க முடியும். ஆகவே எண்ணை மறைப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதோடு நிற்பதில்லை; அடிபட்டவருக்குச் சேர வேண்டியதையும் தடுத்துவிடுகிறார். காயமடைந்தவரை மருத்துவரிடம் சேர்க்கவும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்கவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு ஓட்டுநருக்குக் கட்டளையிடுகிறது. அந்த நேரம் கடந்துவிட்டது என்பதற்காகப் போகாமலே இருந்துவிடக் கூடாது.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். வக்கீல் மாமாவையும் உடன் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை. உரிமம், ஆர்.சி., காப்பீட்டுத் தாள் மூன்றையும் எடுத்து வை. வண்டியில் எதையும் மாற்ற வேண்டாம் என்று பட்டறையில் இன்றே சொல்லிவிடு. நான் நினைப்பது தவறாக இருந்தால், உனக்குச் சமைத்து வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். சரியாக இருந்தால், முதலில் அவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று விசாரிப்போம், பிறகு காவல் நிலையத்துக்குப் போவோம். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா