ஞாயிறு காஞ்சிபுரம் போகிறோம்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 6 மணிக்கு வேன் அத்தை வீட்டு வாசலில் நிற்கும். ஏகாம்பரநாதர் கோயில்தான் முதலில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், தாமதம் வேண்டாம்.

மூலவர் மணல் லிங்கம், அதனால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, புனுகு சாத்துவார்கள். அப்புறம் பிரகாரத்து மாமரம். அம்மன் தவமிருந்த இடம். நாலு கிளை நாலு வேதம், ஒவ்வொன்றிலும் ஒரு சுவை என்று பாட்டி சொல்வாரே, அதேதான்.

தங்கச்சிக்காகத் தொட்டில் கட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. உள்ளங்கை அளவு மரத்தொட்டில் வாங்கி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். குருக்களைக் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் மட்டும் கட்டுவோம். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், கிளையை அறுக்கும். பருத்தி நூல் போதும்.

சித்தி, புளியோதரை உங்கள் பொறுப்பு. வருகிறவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.