அட்டை எழுதிக் கொடுத்த தங்கச்சிக்கும், மற்ற எல்லாருக்கும்

அப்பா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்று மறுபடியும் எழுதப் போவதில்லை. ஏழு வாரமாக நான் வாட்சாப்பில் புலம்பியதை எல்லாரும் படித்தீர்கள், நரம்பைத் தாக்கிக் கைகாலை முடக்கும் கில்லன் பாரே என்ற நோயின் பெயர்கூட கோலாலம்பூர் செந்தூலில் பாதிப் பேருக்கு இப்போது மனப்பாடம். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று பார்ப்பார்களே, அந்த எண்ணிக்கை 24-லிருந்து 15, அப்புறம் 9 என்று இறங்கிய இரவில் ஐசியு வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

நன்றி சொல்லும் முன் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

பல்கலைக்கழக மருத்துவமனை என்றால் மாணவர்கள் வருவார்கள். மூச்சு மிஷின் மாட்டிய மூன்றாவது நாள் விரிவுரையாளர் எட்டுப் பேரோடு வந்தார். அப்பாவின் முழங்காலைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார், கால் அசையவில்லை, ஒரு பையன் குறிப்பெடுத்தான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, "எங்கப்பா என்ன பொம்மையா?" என்று கத்திவிட்டேன். விரிவுரையாளர் ஒன்றும் சொல்லாமல் அவர்களை வெளியே அழைத்துப் போனார். போகும்போது அப்பாவின் காதருகே குனிந்து "தெரிமா காசே, பாக்சிக்" என்று மலாயில் நன்றி சொன்னதைக் கேட்டேன். அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடம்பில் ஒரு விரல் அசையாவிட்டாலும் இந்த நோயில் காது கேட்கும், புத்தி தெளிவாக இருக்கும், தொட்டால் பெரும்பாலும் தெரியும், அதனால் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பதுதான் அவர் அன்று அந்தப் பிள்ளைகளுக்கு நடத்திய பாடமே என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அந்த எட்டுப் பேரில் ஒரு பெண் மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. சண்டைக்கு வருகிறது என்று நினைத்தேன். கையில் மணிலா அட்டை. "அண்ணா, அங்கிள் என்னமோ சொல்லப் பார்த்தாங்க, நான் கண்ணைப் பார்த்தேன். தமிழ் தெரியும்தானே அவங்களுக்கு?"

தெரியும். தமிழ் மட்டும்தான் தெரியும், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. நானோ இணையத்திலிருந்து ஏபிசி அட்டையை அச்சடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாளாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். தமிழில் 247 எழுத்து, ஒவ்வொன்றாகக் காட்டினால் ஒரு வார்த்தைக்கே விடிந்துவிடும் என்பது என் கணக்கு. அந்தப் பெண்ணும் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியாம், சுங்கை பட்டாணி பக்கம். அது போட்டு வந்த கணக்கு வேறு. மூன்று வரி: கசடதபற, ஙஞணநமன, யரலவழள. கீழே குறில் ஒரு வரி, நெடில் ஒரு வரி, ஓரத்தில் ஒரு புள்ளி. முதலில் வரியைக் கேட்பது, அப்புறம் அந்த வரிக்குள் எழுத்தைக் கேட்பது. அப்பாவுக்கு முகமும் தளர்ந்து இமை சரியாக மூடவில்லை, அதனால் சிமிட்டுவது கிடையாது. கண் மேலே போனால் ஆமாம். மூன்றாம் வகுப்பில் பிரம்படிக்குப் பயந்து ஒப்பித்த வல்லினம், மெல்லினம், இடையினம் ஐசியுவில் இப்படிக் கைகொடுக்கும் என்று யார் நினைத்தது!

வல்லினமா? கண் மேலே போனது. க. நெடில். ஆ. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அடிவயிறு கலங்கியது, "காப்பாற்று" என்கிறாரா, "காசு எங்கே வைத்திருக்கிறேன்" என்று கடைசியாகச் சொல்கிறாரா... மறுபடி வல்லினம். த. குறில். உ. அதோடு கண் நின்றுவிட்டது.

காது.

அந்தப் பெண் இரண்டு காதையும் மாற்றி மாற்றிப் பார்த்து, வலது காதை முகக்கவச நாடாவின் நுனியால் மெல்லத் தேய்த்தது. அரித்துக்கொண்டிருந்திருக்கிறது, பாவம், மூன்று நாளாக! அப்பா கண்ணை மூட முடியாமலே மூடினார். மூன்று பேரும் அழுதுகொண்டே சிரித்தோம், பக்கத்துப் படுக்கைக்காரர் வீட்டார் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அதன் பிறகு அந்த அட்டையில்தான் வீடே நடந்தது. ஆராய்ச்சிக்கு இன்னொரு குழாய் ரத்தம் எடுக்கலாமா என்று டாக்டர் கேட்டபோது நான் வேண்டாம் என்றேன். அப்பா "எடு" என்றார். அப்புறம் எழுத்தெழுத்தாக "நிப்பா" என்றார், எனக்குப் புரிய ஒரு நாள் ஆனது. 1999-இல் அவர் புக்கிட் பெலாண்டோக் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து அந்தப் புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். யாரோ ஒருவர் நீர் கொடுத்ததால் கண்டுபிடித்தார்கள், நான் ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் என்ன, என்பது அவர் வாதம். படுத்துக்கொண்டே என்னை ஜெயித்துவிட்டார்.

மற்றவர்களுக்கெல்லாம் மொத்தமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி முழுக்கப் புரட்டிப் போட்டு, கண்ணுக்கு மருந்து தடவி நாடா ஒட்டிய தாதி மிஸ்ஸிகள், நரம்பியல் டாக்டர்கள், உட்கார வைத்தே தீருவேன் என்று நின்ற பிசியோ காக்கா (மலாய் அக்கா), என் ஷிப்ட்டை மாற்றிக்கொண்ட நண்பர்கள், அம்மாவுக்கு மூன்று வேளையும் சோறு அனுப்பிய மூன்றாவது மாடி அக்கா. அப்புறம் முகம் தெரியாதவர்கள். அப்பாவுக்கு ஐந்து நாள் ஏற்றிய இம்யூனோகுளோபுலினை ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்துத்தான் செய்கிறார்களாம். அவர்களுக்கு எந்த முகவரிக்குக் கடிதம் போடுவது? ஜாலான் துன் ரசாக் தேசிய ரத்த மையத்துக்கு அடுத்த வாரம் போகிறேன், ஊசி என்றால் எனக்கு நடுக்கம் என்பது தெரிந்தவர்கள் சிரிக்கலாம். இனி எங்கள் வீட்டில் யார் எந்தக் கட்டிலில் படுத்திருந்தாலும் மாணவர்களை நான் விரட்ட மாட்டேன், நாற்காலி எடுத்துப் போடுவேன்.

அந்தப் பெண்ணின் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை. இரண்டு வாரத்தில் அவர்கள் குழு வேறு வார்டுக்குப் போய்விட்டது. இதைப் படிக்கிற மருத்துவ மாணவர்கள் யாருக்காவது அட்டை எழுதிய தங்கச்சியைத் தெரிந்தால், அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று சொல்லுங்கள். அப்பாவும் ஒரு செய்தி சொல்லச் சொன்னார். தொண்டைக் குழாயை எடுத்து, குரல் கரகரவென்று வந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "அந்தப் பிள்ளை நெடில்ல ஔ-வை விட்டுட்டா."