துண்டறிக்கையில் விடுபட்ட நடிகர்: திரைப்படச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன மாதம் நீங்கள் 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' திரையிட்டபோது நானும் வந்திருந்தேன். நல்ல கூட்டம், கரண்ட்கூடப் போகவில்லை. என் குறையெல்லாம் வாசலில் கொடுத்த துண்டறிக்கை பற்றித்தான். படம் வாங்கிய ஆஸ்கருக்கு ஒரு பத்தி, கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறைக்கு இரண்டு பத்தி. ஸ்டாசி அதிகாரியாக நடித்த உல்ரிஷ் மூஹேவுக்கு மட்டும் ஒரே வரி: 'இந்த ஒரு படத்தால் அறியப்பட்டவர்.'

ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று முளைத்தவரா அவர்? 1953-இல் சாக்சனியின் கிரிம்மாவில் பிறந்து, கட்டட வேலை கற்று, ராணுவச் சேவையில் பெர்லின் சுவருக்குக் காவல் நின்றவர். வயிற்றுப்புண்ணும் அந்த நாட்களில் வந்ததுதான். அப்புறம் லைப்சிக் நாடகப் பள்ளி. 1983-இலிருந்து கிழக்குப் பெர்லினின் டாய்ச்சஸ் தியேட்டர்.

1989 நவம்பர் 4, அலெக்சாண்டர் சதுக்கம். பெர்லின் நாடகக்காரர்கள் முன்னின்று கூட்டிய கூட்டத்தில், பேச்சுரிமையும் கூடும் உரிமையும் தரும் அரசியல் சட்டப் பிரிவுகளை மேடையில் வாசித்தவர்களில் மூஹேவும் ஒருவர். கிழக்கு ஜெர்மனியின் சொந்தச் சட்டத்தை அந்த நாட்டுக்கே படித்துக் காட்டினார்கள்! ஐந்தே நாளில் சுவர் திறந்தது. அதே மாதங்களில் அவர் நாடகாசிரியர் ஹைனர் முல்லரின் இயக்கத்தில் ஹாம்லெட்டுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். 1990 மார்ச்சில் மேடையேறிய அந்த நாடகம் ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. ஒத்திகை தொடங்கியபோது இருந்த நாடு, அரங்கேற்றத்தின்போது பாதி கரைந்திருந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு படத்தின் அந்த லிஃப்ட் காட்சியைத் திரும்பப் பாருங்கள். கையில் பந்தோடு ஒரு சிறுவன். ஸ்டாசிக்காரர்கள் கெட்டவர்கள் என்று அப்பா சொன்னதாக உளறிவிடுகிறான். மூஹேவின் வாய் பழக்கதோஷத்தில் திறக்கிறது: "பெயர் என்ன, உன்னுடைய..." அப்பாவின் பெயரைத்தான் கேட்க வந்தார். நடுவில் நிறுத்துகிறார். "என்னுடைய எது?" என்கிறான் பையன். "பந்து" என்கிறார். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை; ஆனால் ஒரு ஆள் மாறிவிட்டது நமக்குத் தெரிகிறது. அந்த இடைவெளியை மேடையில் இருபத்தைந்து வருடம் நின்றவரால்தான் அவ்வளவு நேரம் தாங்க முடியும் என்பது என் எண்ணம். வேடத்துக்கு எப்படித் தயாரானீர்கள் என்று கேட்டதற்கு, நினைவுபடுத்திக்கொண்டேன் என்றாராம்.

ஆகவே ஒரு கோரிக்கை. அடுத்து இயக்குநர் மைக்கேல் ஹானெகேயின் 'ஃபன்னி கேம்ஸ்' (1997) போடுங்கள். ஆரம்பத்திலேயே கால் உடைபட்டு, குடும்பத்தைக் காக்க முடியாமல் கிடக்கும் தகப்பன் அவர். மனைவியாக வருபவர் நிஜ மனைவி சுசான் லோதர். சரி, அது எல்லோருக்கும் தாங்காது என்றால், அதே ஹானெகே, அதே ஜோடி, அதே வருடத்தில் காஃப்காவின் 'கோட்டை'. முடிந்தால் அந்த ஹாம்லெட் ஒத்திகைகளைப் பதிவு செய்த ஆவணப்படத்தையும் தேடிப்பாருங்கள்.

ஆஸ்கர் விழா நடந்து ஐந்து மாதத்தில், 2007 ஜூலையில், வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அந்தத் தேதியையும் துண்டறிக்கையில் சேர்த்துவிடுங்கள். பக்கம் போதாது என்றால் இரண்டாவது பக்கத்தின் அச்சுச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலிக்காரன்