மாநாட்டுப் பேராளர்களையும் எழுதுங்கள்: உலகச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் உலகச் செய்திகளைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

கமலா ஹாரிஸ் அமெரிக்க அதிபர் வேட்பாளரான 2024-இல், அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்துக் கோயில் அர்ச்சனையைப் படத்துடன் வெளியிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை, நானும் ஆவலோடுதான் படித்தேன். ஆனால் ஜூலை 21 அன்று ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகியதும், பெரும்பாலும் பைடனுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுப் பேராளர்கள் ('டெலிகேட்'டுகள்) 4,500-க்கும் மேற்பட்டோர் ஆகஸ்ட் முதல் வாரத்தில் இணையவழி வாக்களித்து ஹாரிஸை வேட்பாளராக்கினார்களே, அவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட நான் படித்த தமிழ்ச் செய்திகளில் காணவில்லை.

இதில் சொல்லும் ஒரு தடையாக இருக்கிறது. கட்சி மாநாட்டுக்கு வரும் 'டெலிகேட்'டையும் 'பிரதிநிதி' என்கிறோம். அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையையும் 'பிரதிநிதிகள் சபை' என்கிறோம். நான்கு நாள் மாநாட்டுக்குத் தன் ஊரிலிருந்து வரும் ஒரு பள்ளி ஆசிரியரும், இரண்டாண்டுப் பதவிக்காலம் கொண்ட ஒரு சட்டமியற்றுநரும் வாசகருக்கு ஒருவராகவே தெரிகிறார்கள். மலேசியத் தமிழில் 'பேராளர்' என்ற சொல் இயல்பாகப் புழங்குகிறது. அதையே நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் தெரியாத ஒரு பேராளரால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்களானால், 1920 ஜூனில் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டைப் பாருங்கள். வாரன் ஹார்டிங் வேட்பாளராகிவிட்டார். களைத்துப்போன பேராளர்கள் பலர் ஊருக்குக் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள். துணை அதிபர் வேட்பாளராக விஸ்கான்சின் செனட்டர் இர்வின் லென்ரூட்டைத் தலைவர்கள் முடிவுசெய்து வைத்திருந்தார்கள். அப்போது ஓரிகன் மாநிலப் பேராளரான வழக்கறிஞர் வாலஸ் மெக்காமன்ட் பேச அனுமதி கேட்டார். அவரும் லென்ரூட்டை வழிமொழியத்தான் எழுகிறார் என்ற எண்ணத்தில் அனுமதி கிடைத்தது. அவரோ நாற்காலி மீது ஏறி நின்று, அன்றைய மாசசூசெட்ஸ் ஆளுநர் கால்வின் கூலிட்ஜின் பெயரை முன்மொழிந்தார். தலைவர்களின் கட்டளையில் சலித்திருந்த அரங்கம் ஆரவாரித்தது. கூலிட்ஜ் 674 வாக்குகளுக்கு மேல் பெற, லென்ரூட்டுக்கு 146 அளவிலேயே கிடைத்தன. 1923 ஆகஸ்ட் 2 அன்று ஹார்டிங் இறந்தபோது கூலிட்ஜ் அதிபரானார்.

மெக்காமன்ட்டை நாயகனாக்கவும் நான் விரும்பவில்லை. வேட்பாளராக யார் வேண்டும் என்று கட்சி வாக்காளர்களே சொல்லும் முதனிலைத் தேர்தலில், ஓரிகனில் வென்றவர் கலிபோர்னியாவின் ஹைரம் ஜான்சன். அவருக்கு வாக்களிக்க வேண்டிய கடமையை மெக்காமன்ட் அந்த மாநாட்டில் மறுத்தார். தன்னை மேலே ஏற்றியவரைக் கூலிட்ஜ் 1925-இல் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார்; செனட்டில் இருந்த ஜான்சன் பழையதை மறக்கவில்லை, 1926-இல் செனட் அந்த நியமனத்தை நிராகரித்தது. மக்கள் வாக்குக்குக் கட்டுப்படாத ஒருவர், தலைவர்களின் உத்தரவுக்கும் கட்டுப்படாமல் ஒரு அதிபருக்கு வழிதிறந்துவிட்டார். இதை எழுத எந்தப் பத்தி எழுத்தாளருக்குக் கசக்கும்?

1884-இல் அதே சிகாகோவில், அடிமையாகப் பிறந்த மிசிசிப்பியின் ஜான் ராய் லிஞ்ச் குடியரசுக் கட்சி மாநாட்டின் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரை ஆதரித்துப் பேசிய 25 வயது இளைஞரான தியடோர் ரூஸ்வெல்டைத் தமிழ் வாசகர் அறிவார்; லிஞ்சை அறியமாட்டார்.

பேராளர் இருக்கையே கிடைக்காமல் வரலாறானவர் கறுப்பினப் பெண்ணான ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பியின் பருத்திப் பண்ணை ஒன்றில் 18 ஆண்டுகள் உழைத்தவர், 1962-இல் வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்ற குற்றத்துக்காக அன்றிரவே பண்ணையைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1963-இல் வினோனா சிறையில் கொடூரமாக அடிபட்டார். வெள்ளையர் மட்டுமே நிறைந்த மாநிலக் குழுவுக்கு மாற்றாக, மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியின் 68 பேராளர்களுள் ஒருவராக 1964 ஆகஸ்டில் அட்லான்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வந்து, யாருக்குப் பேராளர் இருக்கை என்று முடிவுசெய்யும் தகுதிச் சான்றுக் குழுவின் முன் இவற்றையெல்லாம் சொல்லி, இதுதான் அமெரிக்காவா என்று கேட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கையில் அன்றைய அதிபர் லிண்டன் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைச் சந்தித்து, தொலைக்காட்சிகளைத் தன் பக்கம் திருப்பினார். மாலைச் செய்திகளில் ஹேமரின் சாட்சியம் ஒளிபரப்பானதால் அந்த உத்தி பலிக்கவில்லை. சமரசமாக இரண்டு இருக்கைகள் தர முன்வந்தபோது, இரண்டு இருக்கைக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மறுத்துத் திரும்பினார்கள். பாகுபாடு காட்டும் மாநிலக் குழுக்களுக்கு இனி இடமில்லை என்ற வாக்குறுதி மட்டும் நிலைத்தது. 1968 மாநாட்டில் ஹேமர் முறைப்படி பேராளராக அமர்ந்தார்.

இன்றைய பேராளர்கள் ஏற்கெனவே முடிவானதை உறுதிசெய்பவர்கள்தானே என்ற உங்கள் மறுமொழி எனக்குத் தெரியும். பெருமளவு உண்மைதான். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று வாக்கெடுப்பு கடைசியாக 1952-இல்தான் தேவைப்பட்டது. எழுபதுகளில் முதனிலைத் தேர்தல்கள் பெருகியபின் மாநாட்டு அரங்கில் திருப்பங்கள் அரிதாகிவிட்டன. ஆயினும் வேட்பாளர் விலகினால் அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்பதை 2024 காட்டிவிட்டது.

எனவே என் கோரிக்கை சிறியது. 2028 மாநாடுகளில் மாநிலங்களின் பெயரை ஒவ்வொன்றாக அழைக்கும்போது, ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் மாநிலத்தின் வாக்குகளை அறிவிப்பவர் யார், எந்த ஊர்க்காரர், என்ன தொழில் செய்கிறார், கட்சியில் எப்படிப் பேராளரானார் என்று, அந்த எண்ணிக்கைப் பட்டியலுக்குக் கீழே ஒருவரைப் பற்றியாவது நான்கு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர் ஒருவர்