'மையவிலக்கு' என்ற சொல்லில் ஒரு பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் பற்றித் தமிழில் எழுதுவோர் அனைவரும் கையாளும் 'மையவிலக்கு விசை' என்ற சொல்லை, அதாவது சுழலும் பொருளை மையத்திலிருந்து வெளியே தள்ளுவதுபோல் தோன்றும் விசையின் பெயரை, மாற்ற வேண்டும். அதில் ஒரு 'க்' கூடுதலாக இருக்கிறது. அந்த ஓர் எழுத்து பொருளையே புரட்டிவிடுகிறது.

விலகு தன்வினை, விலக்கு பிறவினை. உருகு, உருக்கு போல. மதுவிலக்கு என்றால் மதுவை விலக்குவது. அப்படிப் பார்த்தால் மையவிலக்கு என்பது மையத்தை விலக்குவது. இல்லையேல் மையமே எதையோ பிடித்துத் தள்ளுகிறது என்றாகும். இரண்டுமே நடப்பதில்லை. 17ஆம் நூற்றாண்டில் டச்சு அறிவியலர் ஹைகன்ஸ் இந்த விசைக்கு இலத்தீனில் ஆக்கிய சொல்லின் பின்பாதி 'ஃபுகெரே', ஓடிப்போதல். ஓடுவது பொருள்தான். ஆகவே 'மையவிலகு விசை' என்பதே சரி. அதற்கு இணையாக நியூட்டன் ஆக்கிய சொல்லில் இருப்பது 'பெதெரே', நாடுதல். நம் 'மையநோக்கு' அதற்கு அழகாகப் பொருந்துகிறது.

மொரிசியஸில் இதை விளக்கக் கரும்பாலையைவிட நல்ல இடம் இல்லை. காய்ச்சிய சர்க்கரைக் குழம்பைத் துளையிட்ட கூடையில் விட்டுச் சுழற்றுகிறார்கள். கூடையின் ஆரம் 60 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று கொண்டால், சுவரோரம் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறக்குறைய 970 மடங்கு. சல்லடையில் சிக்கிய சர்க்கரை மணியைச் சுவர் உள்நோக்கி அழுத்தி வட்டத்திலேயே வைத்திருக்கிறது. பாகைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. துளை வழியே வெளியேறித் தொடுகோட்டில் பறக்கிறது. நடுத்தண்டு எதையும் வெளியே தள்ளவில்லை. மையவிலகு விசை, கூடையோடு கூடவே சுழல்பவருக்கு மட்டும் தோன்றுவது. பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். நாம் தரும் சொல்லும் தவறான பக்கமே கை காட்டுகிறது.

வட்டத்தின் மற்ற சொற்களில் இந்தக் குறை இல்லை. பிரெஞ்சில் 'ஆர்க்', 'கோர்த்' என்று படிக்கும் பிள்ளைக்கு அவை வில்லும் கயிறும்தான் என்று காட்டுங்கள். தமிழில் வில், நாண். ஆரம் என்றதும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் நினைவுக்கு வரும். இலத்தீன் 'ராடியுஸ்' என்பதற்கும் ஆரக்கால் என்ற பொருள் உண்டு. விட்டம், வீட்டின் குறுக்கே போடும் உத்தரம். முக்கோணவியலின் 'சைன்' கூட நாண்தான். நாண் என்று பொருள்படும் வடமொழி 'ஜீவா' அரபியில் வெறும் மெய்யெழுத்துகளாய் எழுதப்பட்டு, பின்பு 'ஜைப்', அதாவது ஆடை மடிப்பு, என்று தவறாக வாசிக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் அதை, மடிப்பு என்றே பொருள்படும் 'சினுஸ்' என்று இலத்தீனில் பெயர்த்தார்கள்.

'கிராவிட்டி'யின் வேர் கனம். நம் ஈர்ப்பின் வேர் 'ஈர்', இழு. பொருள் விழுவது இழுப்பால் என்பதால் தமிழ்ச்சொல்லே உண்மைக்கு அருகில் நிற்கிறது என்பேன். 'எடை'யும் அப்படியே. கொடு, கொடை போல எடு, எடை. தூக்கும்போது கை உணரும் விசை. 1 கிலோ நிறையுள்ள அரிசியின் எடை இங்கே சுமார் 9.8 நியூட்டன், நிலவில் அதில் ஆறில் ஒரு பங்கு. நிறை இரண்டு இடத்திலும் 1 கிலோதான்.

தங்கள் இதழில் இனி 'மையவிலகு விசை' என்று அச்சிட வேண்டுகிறேன். வாசகர் பழகும்வரை பழைய சொல்லை அடைப்புக்குறிக்குள் தரலாம்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
மொரிசியஸ்