ஹார்ப்பர் லீ அம்மாவுக்கு

அன்புள்ள லீ அம்மா,

'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை எழுதிய உங்களைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோரும் எடுத்த எடுப்பிலேயே 'உலகத்தைவிட்டு மறைந்து வாழ்ந்தவர்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவே இல்லை. அலபாமாவில் மன்ரோவில் என்ற உங்கள் ஊர் அப்படியொன்றும் பெரியது இல்லையே, அங்கே உங்களைத் தெரியாதவர் யார்? தேவாலயத்துக்குப் போனீர்கள், வாத்துகளுக்கு இரை போட்டீர்கள், மெக்டொனால்ட்ஸில் உட்கார்ந்து காப்பி குடித்தீர்கள், காசு போட்டால் துவைத்துத் தரும் எந்திரக் கடைக்குத் துணி மூட்டையோடு போனீர்கள். வருடத்தின் மீதி மாதங்கள் நியூயார்க்கில், ஒரு சின்ன வாடகை வீட்டில், பஸ்ஸில் போய் வந்துகொண்டு. இத்தனைக்கும் 2009இன் ஆறு மாதத்துக்கு மட்டும் ராயல்டி 16 லட்சம் டாலருக்கு மேல் என்று பின்னால் ஒரு நீதிமன்ற வழக்கில் வெளியே வந்தது. 1964க்குப் பிறகு பத்திரிகைக்காரர்களுக்கு உட்கார்ந்து பேட்டி கொடுக்கவில்லை, அவ்வளவுதானே? அதற்கா இவ்வளவு பெரிய பட்டம்?

சொல்ல வேண்டும் என்று தோன்றியதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். விமான கம்பெனியில் டிக்கெட் பதிவு செய்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1956 கிறிஸ்துமஸுக்கு நண்பர்களான பிரவுன் தம்பதி, வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் எழுது என்று அதற்கான பணத்தையே பரிசாகக் கொடுத்ததை 1961இல் ஒரு பத்திரிகையில் நீங்கள்தான் எழுதினீர்கள். அந்தக் கட்டுரையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.  எழுதுகிறவர்களுக்கு இப்படியும் நண்பர்கள் வாய்ப்பார்களா என்று பொறாமையாகத்தான் இருக்கிறது, வேறென்ன சொல்ல.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அடுத்தவர் வீட்டுக்குள் போய்க் கதை வாங்குவது எப்படி என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும், அதனால்தான் உங்கள் கதவை அவ்வளவு இறுக்கமாகச் சாத்தினீர்கள். 1959 கடைசியில், உங்கள் நாவல் அச்சுக்குப் போவதற்குக் காத்திருந்த நேரத்தில், சின்ன வயது நண்பர், எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியோடு கான்சஸுக்குப் போனீர்கள். ஒரே குடும்பத்தில் நாலு பேர் கொலை, அதைப் பற்றி அவர் எழுதுவதற்காக. அந்த ஊர்க்காரர்களுக்கு கபோட்டியின் குரலும் உடையும் பிடிக்கவில்லை, கதவு உங்களுக்குத்தான் திறந்தது, துப்பறிந்த அதிகாரியின் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும். தட்டச்சு செய்த 150 பக்கக் குறிப்புகளை அவர் கையில் கொடுத்தீர்கள். அவரோ அந்தக் கொலையைப் பற்றிய 'இன் கோல்ட் பிளட்' புத்தகத்தில் உங்களை, இன்னொருவரோடு சேர்த்து, சமர்ப்பணத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் அலபாமாவிலேயே அலெக்சாண்டர் சிட்டி என்ற ஊர். ஒரே ஒரு நாவல், 1961இல் புலிட்சர், அதோடு பேனாவை மூடிவிட்டார் என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பகுதியே தெரிவதில்லை. வில்லி மேக்ஸ்வெல் என்ற போதகர், அவரைச் சுற்றி ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள், அவர்கள் பேரில் எடுத்த இன்ஷூரன்ஸ் பணம் அவர் கைக்குப் போகிறது, ஆனால் கொலை என்று நிரூபிக்க முடிவதில்லை. 1977இல் கடைசியாக இறந்த பெண்ணின் இறுதிச் சடங்கில், கூட்டத்துக்கு நடுவிலேயே, ஒரு உறவினர் அவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார். மேக்ஸ்வெல்லுக்காக வாதாடிய அதே வக்கீல் இப்போது சுட்டவருக்காக வாதாடி விடுதலையும் வாங்கிக் கொடுக்கிறார். நீங்கள் அந்த விசாரணையை நேரில் உட்கார்ந்து கேட்டீர்கள், அந்த ஊரிலேயே மாதக்கணக்கில் தங்கி விசாரித்தீர்கள். புத்தகம் மட்டும் வரவில்லை. வதந்தியும் ஊகமும் பச்சைப் பொய்யும் பழைய ஏற்பாடு நீளத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று 1987இல் இன்னொரு எழுத்தாளருக்கு எழுதினீர்கள். கையில் கிடைத்தது பொய் என்று தெரிந்தால் அதை அச்சிடாமல் விடுகிற கூச்சம் உங்களுக்கு இருந்தது. உங்களைப் பற்றி எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அது இருந்தது?

அக்கா ஆலிஸ் இருந்த வரைக்கும் ஒரு காவல் இருந்தது. வக்கீல், உங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நூறு வயதை ஒட்டியும் ஆபீசுக்குப் போனவர். பக்கத்து வீட்டில் குடிவந்து உங்களோடு பழகிய ஒரு பத்திரிகையாளர் 2014இல் புத்தகம் போட்டபோது, இதற்கு நான் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றீர்கள். அக்காவின் சம்மதம் இருந்தது என்றார் அவர். அந்த அக்காவேதான் 2011இல், தங்கை நெல்லுக்கு (வீட்டில் உங்கள் பேர் அதுதானே) கண்ணும் தெரியவில்லை காதும் கேட்கவில்லை, நம்புகிறவர்கள் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று எழுதிவைத்தார். 2014 நவம்பரில் அவர் 103 வயதில் இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1957இல் எழுதி ஒதுக்கிவைத்த உங்கள் பழைய கையெழுத்துப் பிரதி 'கோ செட் எ வாட்ச்மேன்' என்ற புத்தகமாக வரப்போகிறது என்று அறிவிப்பு. அலபாமா மாநில அதிகாரிகள் உங்களைப் பார்த்துப் பேசிவிட்டு, யாரும் உங்களை ஏமாற்றவில்லை என்று முடிவு சொன்னார்கள். இருக்கட்டும். எனக்கு அந்தத் தேதிகள் இன்னும் உறுத்துகின்றன. முதல் வாரத்திலேயே வட அமெரிக்காவில் 11 லட்சம் பிரதி விற்றது. முழுதாகப் படித்தேன், இரண்டு மூன்று இடங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் உங்கள் எடிட்டர் ஹோஹாஃப் அன்றைக்கு அதைத் திருப்பி எழுதச் சொன்னது ஏன் என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் புரிந்தது.

2016 பிப்ரவரியில் நீங்கள் போன பிறகு உயிலுக்கும் சண்டை. நியூயார்க் டைம்ஸ் நீதிமன்றத்துக்குப் போய், 2018இல் அதைத் திறந்தும் பார்த்துவிட்டார்கள். உள்ளே, இறப்பதற்கு எட்டு நாள் முன்னால் போட்ட கையெழுத்து, எல்லாம் ஒரு அறக்கட்டளைக்கு என்ற ஏற்பாடு, அதன் விவரமோ ரகசியம். சிரித்துவிட்டேன்.

யாரைக் காதலித்தீர்கள், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எவ்வளவு குடித்தீர்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். மேக்ஸ்வெல் கதையில் எது உண்மை என்று நீங்கள் முடிவு கட்டியிருந்தீர்கள், எத்தனை அத்தியாயம் எழுதினீர்கள், அந்தத் தாள்கள் எங்கே? இதை மட்டும் கேட்டிருப்பேன். நீங்கள் பதில் போட்டிருக்க மாட்டீர்கள், தெரியும்.

அன்புடன்,
உங்கள் வாசகி