இங்கேயும் ஒரு வேலிக்கருவை

நேப்பர்வில், இல்லினாய்
தை 5

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து 3 வாரம் ஆகிறது. நீ சொல்லச் சொல்லச் செல்வி எழுதியது என்றாலும், கடைசித் திட்டு ரெண்டும் அவளே சேர்த்ததுதான். போனில் உனக்குக் காது கேட்காது என்று தெரிந்தும் எழுதாமல் இருந்தது தப்புதான்.

குளிர் பழகிவிட்டது. (செல்வி, மைனஸ் 20 என்று படித்துக் காட்டாதே.) காரை விற்றுவிட்டேன், பனியில் ஓட்டுவது தொல்லை. சனிக்கிழமை மட்டும் எதிர்வீட்டுத் தாத்தா தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். எங்கே என்றால், காட்டுக்கு மரம் வெட்ட. சம்பளம் கிடையாது. சிரிக்காதே.

இந்த டூபேஜ் கவுன்டி 1915-லிருந்து காடு, புல்வெளி, சதுப்பு என்று வாங்கிப் போட்டுக் காப்பாற்றி வருகிறது. இப்போது சுமார் 26,000 ஏக்கர். அதற்குள் பக்தார்ன் என்று ஒரு முள்மரம். வேலிக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தது. பழத்தைத் தின்ற பறவைகள் காடெல்லாம் விதைத்துவிட்டன. மற்ற மரங்கள் இலை உதிர்த்த பிறகும் இது பச்சையாக நின்று, கீழே ஒரு செடியை வளரவிடாது. அப்படியே நம் வேலிக்கருவை. அறுத்தால் ஓரம் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு. நான் அறுப்பேன், தாத்தா முட்டிபோட்டு அடிக்கட்டையில் மருந்து தடவுவார், சொட்டுநீலம் மாதிரி நீலம். தடவாவிட்டால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும்.

தாத்தா ஒவ்வொரு மரத்தையும் திட்டிவிட்டுத்தான் தொடுவார். ஆமைகளிடம் மட்டும் மரியாதை. தாடை மஞ்சளாக இருக்கும் பிளாண்டிங் ஆமை குறைந்துபோனதால், 1996-லிருந்து குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்துச் சதுப்பில் விடுகிறார்கள். இப்போது அவை பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கின்றன. தாத்தா குனிந்து பனிக்கட்டியைப் பார்த்துச் சுகம் விசாரிப்பார்.

வெட்டியதைக் குவித்து அங்கேயே எரிப்போம். போன வாரம் அந்தச் சாம்பலில் ஒரு சீனிக்கிழங்கைப் புதைத்து எடுத்தேன். ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். எனக்கு இறங்கவில்லை. நீ பனங்கிழங்கைச் சுட்டு, தோல் உரித்து, நடுவிலிருக்கும் குருத்தை உருவி முதலில் எனக்குத்தான் தருவாய். முருகேசன் அழுவான். தை பிறந்துவிட்டதே, இந்த வருஷம் கிழங்கு தோண்டினீர்களா? எழுதவே இல்லையே.

சரி, அதை விடு. கம்மாய்க்கரை நிலத்தைக் கரிமூட்டக்காரருக்கு விடுவதில் எனக்குச் சம்மதம் என்று முருகேசனிடம் சொல். ஆனால் அங்கே நிற்கும் வேலிக்கருவையை மேலாக வெட்டிக்கொண்டு போகக்கூடாது, தூரோடு தோண்டி எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கட்டும். வருகிற பணத்தில் செல்வியின் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடுங்கள். நான் அனுப்புவது இந்த மாசம் கொஞ்சம் தள்ளிப்போகும், வேறொன்றுமில்லை.

சித்தப்பா எந்தப் பேப்பரை நீட்டினாலும் ரேகை வைக்காதே. மூலப்பத்திரம் பச்சை டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறதா என்று செல்வியை ஒருதடவை பார்க்கச் சொல்.

உன் மகன்,
பாண்டி